ஒரு சாண் ரகசியம்

நான் அட்டைப்பெட்டி வடிவமைக்கிறவள். இதைச் சொன்னதும் எல்லாரும், "ஓ, படம் போடுவீங்களா?" என்று கேட்பார்கள். படம் போடுகிறவர்கள் வேறு ஆட்கள். பொருள் பெட்டிக்குள் எப்படி உட்கார வேண்டும், அட்டை எங்கே மடிய வேண்டும், இடுப்பு உயரத்திலிருந்து விழுந்து மூலை நசுங்கினாலும் உள்ளே இருப்பது பிழைக்குமா, இதெல்லாம்தான் என் பாடு. எங்கள் தொழிற்சாலையில் எனக்கென்று ஒரு நீளமான மேசை உண்டு. அதன் மேல் கத்தி பொருத்திய ஒரு கை அங்குமிங்கும் ஓடி, நான் வரைந்ததை அட்டையில் வெட்டித் தரும். அதை மடித்து, ஒட்டி, உள்ளே பொருளை வைத்து, தொப்பென்று கீழே போடுவேன். பத்து தடவை. சம்பளமும் கொடுத்து, பொருளைப் போட்டு உடைக்கவும் சொல்கிற வேலை வேறு எவளுக்குக் கிடைக்கும்?

உண்மையான பொருளை எங்களிடம் தர மாட்டார்கள். அதே அளவில், அதே எடையில் சாம்பல் நிற பிளாஸ்டிக் கட்டை ஒன்று வரும். கூடவே ஒரு காகிதமும் வரும். இதைப் பற்றி வெளியே மூச்சு விட மாட்டேன் என்று அதில் கையெழுத்துப் போட வேண்டும். பதினொரு வருஷமாகப் போடுகிறேன், ஒரு நாளும் கஷ்டப்பட்டதில்லை. இஸ்திரிப்பெட்டிக்குச் செய்கிற பெட்டி எத்தனை அங்குலம் என்று யார் வந்து என்னிடம் கெஞ்சப் போகிறார்கள்?

அந்தத் தடவை வந்த கட்டையைக் கையில் எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். ஒரு சாண் நீளம். இரண்டு விரல் தடிமன். ஒரு பக்கத்தில் விசிறி வைப்பதற்கு இரண்டு வட்டக் குழிகள். அடியில் சீப்புப் பல் மாதிரி ஒரு வரிசை. அந்தச் சீப்புப் பல்லை நான் தினமும் பல் தேய்க்கும்போது பார்க்கிறேன். என் வீட்டுக்காரர் குளியலறைக் கதவில் ஒட்டி வைத்திருக்கிற பழைய மாடல் படத்தில் அது இருக்கிறது.

அடுத்த தலைமுறை கிராஃபிக்ஸ் கார்டு!

உலகத்தில் அத்தனை பேர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருக்கிற சாமான், கம்ப்யூட்டர் விளையாட்டுகளுக்குப் படம் வரைந்து தருகிற பலகை, என் மேசையில் சமர்த்தாகப் படுத்திருந்தது. அந்த அத்தனை பேரில் முதல் ஆள் என் வீட்டில் இருந்தார்.

என் வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடிக்கு லென்ஸ் தேய்க்கிறவர். தெருமுனையில் சொந்தக் கடை. பத்து மணிக்குக் கடை திறப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம் காமிரா முன் உட்கார்ந்து கிராஃபிக்ஸ் கார்டு பற்றிப் பேசுவார். பின்னால் சுவரில் பெரிய எழுத்தில் ஆரம்பித்துச் சின்ன எழுத்தில் முடிகிற கண் பரிசோதனை அட்டை தொங்கும். பதினாலாயிரம் பேர் அவர் சேனலைப் பார்த்தார்கள். அவர்கள் அவருக்கு வைத்த பெயர் 'கண்ணாடியார்'. அந்தப் பெயரில் அவருக்கு உள்ளூரக் கொள்ளைப் பெருமை.

நாலு வருஷத்துக்கு முன் ஒரு கார்டு வாங்கப் போனவர், "அடுத்தது இதைவிட ரெண்டு மடங்கு வேகமாம்" என்று வெறுங்கையோடு திரும்பி வந்தார். அடுத்ததும் வந்தது. "இதுல சூடு ஜாஸ்தியாம், அதுக்கு அடுத்தது பாத்துக்கலாம்" என்றார். இந்த முறை வாங்கியே தீர்வது என்று முடிவு கட்டியவர், அந்த ஜோரில் கைவசம் இருந்த பழைய கார்டையும் கழற்றி ஒரு நண்பருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டார். பிள்ளை பிறக்கும் முன்னே பெயர் வைத்த கதை. கார்டு இல்லாத கம்ப்யூட்டரில் பெரிய விளையாட்டு எதுவும் ஓடாது. மனுஷன் ஏழு மாதம் அதில் சீட்டாட்டம் ஆடிக்கொண்டிருந்தார்.

கட்டை வந்த அன்றைக்குச் சாயங்காலம் வீட்டுக்குப் போனால், வாசலிலேயே பிடித்துக்கொண்டார்.

"விஷயம் தெரியுமா? புதுசு செங்கல் மாதிரி இருக்குமாம். முக்கால் முழம் நீளம். மூணு விசிறி."

"யார் சொன்னா?"

"எல்லாரும் சொல்றாங்க. ஆலைப் பக்கத்துலேருந்தே செய்தி கசிஞ்சிருக்கு."

நான் செருப்பைக் கழற்றுவதற்கு வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டேன்.

"சின்னதாக்கூட இருக்கலாம் இல்லீங்க?" என்றேன், தரையைப் பார்த்தபடி.

அவர் குழந்தையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்துச் சிரித்தார். "சக்தி கூடக் கூட சூடு கூடும். சூடு கூடினா விசிறி கூடும். விசிறி கூடினா நீளம் கூடும். நீ பெட்டி பண்றவ, உனக்கு இதெல்லாம் எப்படித் தெரியும்?"

அதற்கு மேல் நான் பேசவில்லை. பேசினால் வாய் தவறிவிடும் என்று பயம். ஆனால் அவர் சும்மா இருந்தால்தானே? முக்கால் முழக் கார்டு கம்ப்யூட்டரின் பழைய கேபினெட்டுக்குள் நுழையாதாம். அதனால் தன் கையாலேயே புதுக் கேபினெட் செய்யப் போவதாகக் கிளம்பினார். ஒட்டுப்பலகை வந்தது, ரம்பம் வந்தது, சாப்பாட்டு மேசை அவர் வசமானது. லென்ஸ் அளக்கிற குட்டி ஸ்கேலை வைத்து, மில்லிமீட்டர் மில்லிமீட்டராக அளந்து, இல்லாத செங்கலுக்கு வீடு கட்டினார். நாங்கள் ஒரு மாதம் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம்.

"கார்டு வந்த பிறகு அளந்து செய்யக்கூடாதா?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"வந்த பிறகு எல்லாரும் செய்வாங்க. நாம முந்திக்கணும்."

இதற்கெல்லாம் சிகரம் வைத்தாற்போல ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில், "எனக்கு ஒரு உதவி பண்ணு" என்று வந்தார். "கார்டோட மாதிரி ஒண்ணு அட்டையில செஞ்சு கொடு. நெஜ அளவு. வீடியோல கையில வெச்சுக் காட்டணும். உன்னைவிட அட்டை தெரிஞ்சவ யாரு இருக்கா?"

முடியாது என்று சொல்ல ஒரு காரணமும் இல்லை. உட்கார்ந்து, அவர் சொன்ன தப்பான அளவுக்கு, என்னால் முடிந்த அளவு ஒழுங்காகச் செய்து கொடுத்தேன். மூன்று விசிறியையும் வெட்டி ஒட்டினேன். சாம்பல் வண்ணம்கூட அடித்தேன். கத்தியைப் பிடித்தால் எனக்கு அரைகுறையாகச் செய்ய வராது. தொழில் புத்தி.

அந்த வீடியோவுக்குக் காமிரா பிடித்தது என் நாத்தனார். கீழ்த்தளத்தில் குடியிருக்கிற பல் டாக்டர். என் வீட்டுக்காரருக்கு அக்கா. தம்பி அந்த அட்டைச் செங்கலைத் தோளில் தூக்கிக்கொண்டு அறைக்குள் வந்தார். திரும்பும்போது அதன் முனை கதவில் இடித்தது. "பாத்தீங்களா? கதவே பத்தலை!" என்று காமிராவைப் பார்த்து முழங்கினார். நான் அடுப்படிக்குப் போய் முகத்தைக் கழுவிக்கொண்டேன்.

நாத்தனார் பின்னாலேயே வந்துவிட்டார்.

"உனக்கு என்னமோ ஆயிருக்கு."

"ஒண்ணுமில்லையே அண்ணி."

"நாள் பூரா வாயைத் திறந்து வெச்சிருக்கறவங்களைப் பாக்கறவ நான். வாயை மூடிக்கிட்டு இருக்கறவங்களை எனக்கு உடனே தெரிஞ்சிடும்." குரலைத் தாழ்த்தினார். "விசேஷமா?"

"அண்ணி! எனக்கு நாப்பத்தி நாலு வயசு."

"அப்ப பல்வலி" என்று தீர்ப்பு சொல்லிவிட்டு, ஆ காட்டச் சொன்னார். கடைவாயில் உண்மையாகவே ஒரு சொத்தை இருந்தது. அதற்கடுத்த வாரம் அதை அடைத்தும் விட்டார். ரகசியம் காத்ததில் எனக்கு உடனடியாகக் கிடைத்த லாபம் அது ஒன்றுதான்.

அந்த வீடியோவை இரண்டு லட்சம் பேர் பார்த்தார்கள். அவர் போட்ட எதையும் அதுவரை அத்தனை பேர் பார்த்ததில்லை.

கார்டை உலகத்துக்குக் காட்டும் நாள் ஒரு செவ்வாய்க்கிழமை என்று அறிவித்தார்கள். அதற்கு எட்டு நாள் இருக்கும்போது வினை வந்தது. எவனோ ஒருவன் புதுக் கார்டின் பெட்டியைப் படம் பிடித்து இணையத்தில் போட்டுவிட்டான். மங்கலான படம்தான். ஆனால் பெற்றவளுக்குப் பிள்ளையைத் தெரியாதா? என் பெட்டி.

அன்று காலை வீட்டுக்காரர் அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு, காமிரா முன் உட்கார்ந்து ஒரே போடாகப் போட்டார்: "பொய்ப் படம். இந்தப் பெட்டியில ஒரு ஜோடி செருப்புகூட வைக்க முடியாது. இதுல அந்தக் கார்டை எப்படி வைப்பாங்க, மடிச்சா? இதைச் செஞ்சவங்களுக்குப் பெட்டியும் தெரியாது, கார்டும் தெரியாது." நான் வேலைக்குப் பையை எடுத்துக்கொண்டு, செருப்பைக் கால் மாற்றிப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன். தெருவில் போனபிறகுதான் இடது கால் வலிப்பது உறைத்தது.

தொழிற்சாலையில் எல்லார் கைப்பேசியையும் ஒரு தட்டில் வாங்கி வைத்தார்கள். கார்டு கம்பெனியிலிருந்து ஒரு பெண் அதிகாரி வந்திருந்தார். குட்டை முடி, அதிராத குரல். பெட்டியைத் தொட்ட ஒன்பது பேரையும் ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார். என் முறை வந்ததும் நானே முந்திக்கொண்டேன். நாளைக்கு அவர்களாகக் கண்டுபிடித்தால் கதையே வேறாகிவிடும்.

"மேடம், ஒரு விஷயம் சொல்லணும். என் வீட்டுக்காரர் கிராஃபிக்ஸ் கார்டு பத்தி வீடியோ போடறவர்."

பக்கத்தில் உட்கார்ந்திருந்த எங்கள் மேனேஜருக்கு முகம் பேயறைந்த மாதிரி ஆகிவிட்டது. "இதை ஏன்மா முன்னாடியே சொல்லலை?" என்றார்.

"காகிதத்துல அப்படி ஒரு கேள்வி இல்லையே சார்."

"பாக்கலாமா?" என்றார் அதிகாரி.

சேனல் பெயரைச் சொன்னேன். மேசைமேல் இருந்த கம்ப்யூட்டரில் தேடி எடுத்தார். இரண்டு லட்சம் பேர் பார்த்த வீடியோதான் முதலில் வந்து நின்றது. இருபத்திரண்டு நிமிஷம். நாங்கள் மூன்று பேரும் பார்த்தோம். என் வேலை போய்விட்டது என்றே நினைத்தேன். பதினொரு வருஷ வேலை. இனி எந்த அட்டைக் கம்பெனியிலும் என்னைச் சேர்க்க மாட்டார்கள். திரையில் என் புருஷன், சூடு கூடினால் விசிறி கூடும் என்று விரலை மடக்கி மடக்கி விளக்கிக்கொண்டிருந்தார். அப்புறம் அட்டைச் செங்கலைத் தோளில் தூக்கினார். திரும்பினார். கதவில் இடித்தார்.

அதிகாரியின் தோள் குலுங்குவதைப் பார்த்தேன். இருமுகிறார் என்று நினைத்தேன். சிரிப்பு.

கண்ணைத் துடைத்துக்கொண்டு, வீடியோவை நிறுத்தி, அட்டைச் செங்கலைப் பெரிதாக்கிப் பார்த்தார். "இந்த அட்டை மாடல் ரொம்பச் சுத்தமா இருக்கே. இதை யார் செஞ்சது?"

"நான்தான் மேடம்."

"எப்ப?"

"ரெண்டு மாசம் முன்னாடி."

"அப்ப உங்களுக்கு உண்மையான அளவு தெரியும்."

"தெரியும்."

"தெரிஞ்சுக்கிட்டே இதைச் செஞ்சு கொடுத்தீங்களா?"

"அவர் கேட்டார் மேடம். கொடுக்காம இருந்தா ஏன்னு கேப்பார்."

அதிகாரி வீடியோவை மூடினார். பிறகு மேனேஜர் பக்கம் திரும்பி, "ரகசியம் கசிஞ்ச வீட்டுல இவ்வளவு தப்பா ஒருத்தர் பேச முடியாது" என்றார். "இவங்களைப் போகச் சொல்லுங்க."

இரண்டு நாளில் உண்மை வெளிவந்தது. படத்திலிருந்த பெட்டி இடது பக்கம் திறப்பது. நான் அதை எப்போதோ வலது பக்கத்துக்கு மாற்றிவிட்டேன். பழைய மாதிரியில் ஒன்றே ஒன்றுதான் மிச்சம் இருந்தது. விளம்பரப் படம் எடுப்பதற்காக அவர்களே அதை ஒரு ஸ்டுடியோவுக்குக் கொடுத்திருந்தார்கள். கசிந்தது அங்கிருந்து. எங்கள் ஒன்பது பேருக்கும் போன உயிர் திரும்பி வந்தது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் வீட்டுக்காரர் கடைக்கு அரைநாள் விடுமுறை விட்டார். நானும் லீவு போட்டேன். கார்டு அறிமுகத்தைப் பார்த்தபடியே நேரலையில் பேசுவதாக அவர் பறை சாற்றியிருந்ததால், ஆறாயிரம் பேர் அவரோடு சேர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். நாத்தனாரும் கிளினிக்கை ஒரு மணி நேரம் மூடிவிட்டு வந்து காமிரா பிடித்தார். மேசையின் ஒரு பக்கம் ஒட்டுப்பலகைக் கேபினெட், பீரோ மாதிரி நின்றது.

திரையில் ஒருவர் மேடைக்கு வந்தார். கோட்டுப் பைக்குள் கைவிட்டு எதையோ எடுத்தார். ஒரு சாண் நீளம். இரண்டு விரல் தடிமன். உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

எங்கள் திரையின் ஓரத்தில் பார்க்கிறவர்களின் கேலி மழையாகக் கொட்டியது. 'செங்கல் எங்கே கண்ணாடியாரே?' 'கதவை அகலப்படுத்தியாச்சா?' நாத்தனார் காமிராவை இறக்கப் போனார். என் வீட்டுக்காரர் வேண்டாம் என்று கையைக் காட்டினார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, சட்டை நுனியில் நிதானமாகத் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு திரையைப் பார்த்தார்.

"பவர் மாத்தணும் போலிருக்கு" என்றார்.

ஆறாயிரம் பேரும் சிரித்திருப்பார்கள். நானும் சிரித்தேன், கண்ணில் தண்ணீர் வர. அதற்குள் மேடையில் பெட்டியைக் காட்ட ஆரம்பித்தார்கள். மூடியின் விளிம்பில், விரல் நுழைவதற்காகப் பிறை வடிவத்தில் ஒரு சின்ன வெட்டு. என் வீட்டுக்காரர் பேச்சை நிறுத்தினார். எங்கள் வீட்டில் மாத்திரைப் பெட்டியிலிருந்து பொத்தான் பெட்டிவரை நான் செய்த எல்லாவற்றிலும் அந்தப் பிறை உண்டு. மெதுவாகத் தலையைத் திருப்பி என்னைப் பார்த்தார். அப்புறம் காமிராவுக்கு ஒரு வணக்கம் போட்டு நேரலையை முடித்துவிட்டார்.

"எப்பலேருந்து தெரியும்?"

"ஏழு மாசமா."

"செங்கல்னு சொன்னேனே, அப்பவும்?"

"அப்பவும்."

"இந்தப் பீரோவை அறுத்தேனே, அப்பவும்?"

"கையெழுத்துப் போட்டிருக்கேங்க."

நாத்தனார் என்னைப் பார்த்து, "அப்ப அது பல்வலி இல்லை!" என்றார். அவர் பையை எடுத்துக்கொண்டு நைசாக இறங்கிப் போய்விட்டார். என் வீட்டுக்காரரும் எழுந்து, கடைச் சாவியை எடுத்துக்கொண்டு, அரைநாள் லீவு விட்ட கடையைத் திறக்கப் போனார்.

இரண்டு நாள் எதைக் கேட்டாலும் "ம்"தான். அவர் கத்தியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். மூன்றாம் நாள் சாயங்காலம் நானே கடைக்குப் போனேன். உள்ளறையில் லென்ஸ் தேய்க்கிற இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. நான் வந்தது தெரிந்தும் திரும்பவில்லை.

"கோபம்னா கோபம்னு சொல்லிடுங்க."

இயந்திரத்தை நிறுத்தினார். "நீ சொல்லலைங்கறதுல எனக்குக் கோபமே இல்லை. கையெழுத்துன்னா கையெழுத்துதான். ஆனா உன் மூஞ்சியப் பாத்தே எல்லாத்தையும் கண்டுபிடிச்சிடுவேன்னு நெனச்சிட்டு இருந்தேன். பத்தொன்பது வருஷம். ஊரெல்லாம் கண்ணு செக் பண்றேன், பக்கத்துல இருக்கறது தெரியலை."

"தெரியக்கூடாதுன்னுதான் முகத்தைத் திருப்பித் திருப்பி வெச்சிருந்தேன். ஏழு மாசம் வயித்துல நெருப்பு. அண்ணிக்குத் தெரிஞ்சிடுச்சு, என்னன்னுதான் தெரியலை. உங்களுக்குச் செங்கலைத் தவிர வேற எதுவும் கண்ல படலை."

அவர் கையிலிருந்த லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். பிறகு உதட்டோரம் லேசாக அசைந்தது. அதுதான் சமயம் என்று விசாரணைக் கதையை ஒன்றுவிடாமல் சொன்னேன். கைப்பேசித் தட்டு, மேனேஜர் முகம், இருபத்திரண்டு நிமிஷம், அந்த அதிகாரி கண்ணைத் துடைத்துக்கொண்டது, எல்லாவற்றையும்.

"நீங்க சரியாச் சொல்லியிருந்தா என் வேலை போயிருக்கும். உங்க தப்புதான் என்னைக் காப்பாத்துச்சு."

அவர் முகம் வெளுத்துப் போயிற்று. நாற்காலியை இழுத்து என்னை உட்காரச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார். "இவ்வளவு நடந்திருக்கு, நீ தனியா..." என்று தொடங்கி, முடிக்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

அப்புறம் தொண்டையைச் செருமிக்கொண்டு, "அந்த அம்மா எந்த இடத்துல சிரிச்சாங்க?" என்று கேட்டார்.

"கதவுல இடிச்சீங்களே, அங்க."

"வேணும்னேதான் இடிச்சேன்" என்றார். சத்தியமாகப் பொய்.

விற்பனை தொடங்கிய வாரமே கார்டை வாங்கிவிட்டார். கடைக்காரர், அடுத்தது இன்னும் ஆறே மாதத்தில் வரப் போவதாக ஆசை காட்டினாராம். "வரட்டும், நல்லா இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வந்தாராம். பழைய கேபினெட்டுக்குள்ளேயே அது தாராளமாக உட்கார்ந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் சாப்பிட்ட கையோடு என்னைக் கூப்பிட்டார்.

"சண்டை விளையாட்டா? நான் வரலை."

"சண்டையெல்லாம் இல்லை. சும்மா ஒரு வீடு. உள்ள நடந்து பாக்கலாம், அவ்வளவுதான்."

திரையில் ஓர் அறை. ஜன்னல் வழியாக வெயில் வந்து மேசைமேல் விழுந்தது. மேசையில் ஒரு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர், அதற்குள் ஒரு கரண்டி. தண்ணீருக்குள் கரண்டி ஒடிந்த மாதிரி தெரிந்தது. தம்ளரின் நிழலுக்கு நடுவே ஒரு வெளிச்சப் புள்ளி ஆடிக்கொண்டிருந்தது.

"இதைப் பாரு" என்றார். குரலில் சேனல் தோரணை எதுவும் இல்லை. "பழைய கார்டெல்லாம் இதைச் சும்மா படமா வரைஞ்சு ஒட்டிடும். இது அப்படி இல்லை. ஒவ்வொரு ஒளிக்கதிரும் எங்கேருந்து வருது, கண்ணாடியில பட்டு எப்படி வளையுதுன்னு கணக்குப் போட்டுப் போட்டு வரையுது. நான் கடையில லென்ஸ்ல கையால பண்ற அதே கணக்கு. ஒரு செகண்டுல எத்தனை கோடி தடவை போடுது தெரியுமா?"

நாலு வருஷமாக அவர் எதற்காகக் காத்திருந்தார் என்று நான் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. பையன்கள் விளையாட்டு, ஆம்பிளைக் கிறுக்கு என்று விட்டுவிட்டேன். பக்கத்தில் இருப்பதைப் பார்க்காமல் இருந்தது அவர் மட்டும் இல்லை போலிருக்கிறது.

நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன்.

"அந்தத் தம்ளர் பக்கத்துல இன்னும் கொஞ்சம் கிட்டப் போங்க" என்றேன்.

"இந்தா, நீயே போ" என்று மவுஸை என் கையில் கொடுத்தார்.